பழகிய கல்

வார்ப்பிரும்புத் தோசைக்கல் வாங்கிய அன்றே தோசை தராது. பழக்க வேண்டும். சோறு வடித்த கஞ்சியில் இரண்டு மூன்று நாள் ஊறப்போட்டு, தினமும் கஞ்சியை மாற்றி, தேய்த்துக் கழுவி, ஈரம் போகக் காயவைத்து, நல்லெண்ணெய் தடவிச் சூடேற்ற வேண்டும். பாதியாக நறுக்கிய வெங்காயத்தால் எண்ணெயைப் பரப்பித் தேய்ப்பார் அம்மா. முதல் சில தோசைகள் பிய்ந்துதான் வரும். பிறகு ஒரு தோசையின் விளிம்பு தானாக எழும்பும். அந்த நொடிக்காகவே இந்தக் கல்லை எனக்குப் பிடிக்கும்.

சூட்டில் எண்ணெய் இறுகி இரும்போடு ஒட்டிய படலமாகிறது. பழகிய கல்லின் கருப்பு மினுமினுப்பு அதுதான். நான்ஸ்டிக்கின் டெஃப்லான் பூச்சு 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சிதையத் தொடங்கும். உரிந்தால் வீட்டில் சரிசெய்ய வழியில்லை. இரும்பில் துருவே பிடித்தாலும் தேய்த்து எண்ணெயிட்டு மீட்டுவிடலாம். கையில் காசு குறைவென்றால் முதலில் வாங்க வேண்டியது இதுதான்.

இரும்புச் சட்டிக்கும் இதே பக்குவம். புளிக்குழம்பை மட்டும் அதில் வைக்காதீர்கள், புளிப்பு படலத்தை அரித்துவிடும். அதற்கு மண்சட்டி இருக்கிறது.

கடையில் கல்லைச் சமதரையில் வைத்துப் பாருங்கள். ஆடாத கல்லாக எடுங்கள்.