முதல் வரியோடு இறங்கிவிடுகிறவர்கள்

பினாங்கில் ஆங்கிலப் பேச்சு கொஞ்சம் கனமாகிவிட்டால் யாராவது கிப்ளிங்கை இழுத்து வந்துவிடுவார்கள். கிழக்கையும் மேற்கையும் பற்றிய அந்த வரிதான். இரண்டும் ஒட்டவே ஒட்டாது என்பதற்கு அதைச் சாட்சியாக வைப்பது வழக்கம். 1889இல் வந்த அந்தக் கதைப்பாடலை முழுதாகப் படித்தால் விஷயம் வேறு. கர்னலின் குதிரையைத் திருடிய எல்லைப்புறத் தலைவன் கமாலும், அவனைத் துரத்திவந்த கர்னலின் மகனும் கடைசியில் சகோதரர்களாகச் சத்தியம் செய்துகொள்கிறார்கள். திசையும் இனமும் செல்லாமல் போகும் ஓர் இடத்தைக் காட்டத்தான் கிப்ளிங் அந்த முதல் வரியை வைத்தார். (அவர் ஏகாதிபத்தியவாதி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்காக அவர் சொல்லாததற்கும் சேர்த்து அடிக்க வேண்டாமே.)

சரி, வெள்ளைக்காரனை விடுங்கள். நம்ம கணியன் பூங்குன்றனாருக்கு நாம் செய்வது என்ன?

புறநானூற்றின் 192ஆம் பாட்டு. 1894இல் உ.வே.சா. பதிப்பித்த நூல். அதன் முதல் வரியை 2007இல் அப்துல் கலாம் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் சொன்னார், 2019இல் மோடி ஐ.நா.வில் சொன்னார். ஜார்ஜ்டவுனில் சீன நண்பரோடு தேத்தண்ணி குடிக்கும்போது நாமும் அதை ஆங்கிலத்தில் எடுத்துவிடுகிறோம்: “எங்க ஆளு ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே சொல்லிட்டாரு.” நண்பரும் தலையாட்டுவார். வேறென்ன செய்வார், பாவம்.

பாட்டு மொத்தம் 13 வரி. மீதி 12 வரியில் விருந்தோம்பலும் இல்லை, இனப்பெருமையும் இல்லை. நன்மை தீமைக்கு அடுத்தவனைக் கைகாட்ட முடியாது, சாவு புதிதில்லை, பாறையில் மோதி ஓடும் பேராற்றில் மிதவை போகிற மாதிரிதான் உயிரும் போகிறது என்று அது இறுகிக்கொண்டே போகிறது. அதனால்தான் பெரியவர்களைப் பார்த்து வியப்பதும் இல்லை, சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் இல்லை என்று முடிக்கிறார் கவிஞர். முதல் வரிக்குப் பலம் இந்த முடிவில் இருக்கிறது. இது இல்லாவிட்டால் அது வெறும் வரவேற்புப் பலகை.

இங்கே ஒரு வேடிக்கை. நம் பேச்சில் ‘ஊர்’ என்றால் இந்தியா. பெர்மிட்டில் வந்து லிட்டில் இந்தியா உணவுக்கடையில் தட்டு கழுவுகிறவர் ‘ஊர்க்காரன்’. அந்தச் சொல்லை எந்தத் தொனியில் சொல்கிறோம் என்று நமக்கே தெரியும். மேடையில் எல்லா ஊரும் நம் ஊர். கல்லாப்பெட்டிப் பக்கம் வந்தால் ஊர்க்காரன் வசைச்சொல்.

மேற்கோளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அரட்டையில் பழைய வரி ஒன்று சரியாக வந்து விழுவது தனி சுகம்தான். ஆனால் அடுத்த விழாவில் யாராவது இந்தப் பாட்டின் கடைசி இரண்டு வரியை மட்டும் மைக்கில் சொல்லிப் பார்க்கட்டும். முன்வரிசையில் டத்தோ உட்கார்ந்திருக்கும்போது, பொன்னாடை போர்த்துவதற்கு முன்னால்.