கணக்குக் கேட்காத ஆதரவு

2010 ஜனவரியில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு வாய்த்ததைப் போன்ற சங்கடமான எழுத்துவேலை இலங்கையில் வேறெந்தக் கட்சிக்கும் வாய்த்திருக்காது. முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து எட்டு மாதங்கள். இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த மெனிக் பாம் முகாம்களில் இன்னும் சனம் இருந்தது. ஜனாதிபதித் தேர்தலில் ஒரு பக்கம் போரை நடத்திய மகிந்த ராஜபக்ஷ. மறுபக்கம் அதே போரில் இராணுவத் தளபதியாக இருந்த சரத் பொன்சேகா. இந்த இருவரில் ஒருவருக்கு வாக்களியுங்கள் என்று அந்தச் சனத்திடமே காரணத்தோடு சொல்ல வேண்டும். கூட்டமைப்பு பொன்சேகாவைச் சொன்னது. யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 64 வீதத்தினர் அவருக்கே போட்டார்கள். ஆனால் வாக்களிக்கப் போனவர்கள் பதிவில் இருந்தோரில் கால்வாசிப் பேர்தான்.

அந்த இரண்டு இலக்கங்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும். போனவர்கள் கட்சியின் தர்க்கத்தை ஏற்றுக்கொண்டார்கள்: ஆட்சி மாறினால் மூச்சுவிட இடம் கிடைக்கும். போகாத முக்கால்வாசிப் பேரும் அதை நிராகரித்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. இடம்பெயர்ந்தவர்கள், நாட்டை விட்டுப் போனவர்கள், இறந்தவர்கள் என்று எத்தனையோ பெயர்கள் அந்தப் பதிவேட்டில் இருந்தன. என்றாலும் வீட்டில் இருந்தபடியே போகாமல் விட்டவர்களும் உண்டு. அவர்களுக்கு எந்த அறிக்கையும் போதுமானதாக இருந்திருக்காது.

ஜனாதிபதித் தேர்தல் வரும்போதெல்லாம் வடக்கு கிழக்குத் தமிழ்க் கட்சிகள் இன்னாரை ஆதரிக்கிறோம், இன்ன காரணத்துக்காக என்று அறிவிப்பது இன்று ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. இதன் வேர் 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் இருக்கிறது. பாராளுமன்றத் தேர்தலில் தமிழர் தங்கள் பிரதிநிதியைத் தாங்களே தெரிவு செய்யலாம். ஜனாதிபதித் தேர்தலிலோ நாடு முழுவதும் ஒரே தொகுதி. 1982இல் தமிழ் வேட்பாளராகக் குமார் பொன்னம்பலம் போட்டியிட்டு யாழ்ப்பாணத்தில் முதலிடம் பெற்றார். நாடளாவிய கணக்கில் அது 3 வீதத்தைக்கூட எட்டவில்லை. அதே தேர்தலில் யாழ்ப்பாணத்தில் இரண்டாம் இடம் ஹெக்டர் கொப்பேகடுவவுக்குக் கிடைத்தது. வெங்காயமும் மிளகாயும் இறக்குமதியாகாமல் தடுக்கப்பட்டிருந்த காலத்தில் விவசாய அமைச்சராக இருந்தவர் அவர். தோட்டக்காரர்கள் அதை மறக்கவில்லை. எந்தக் கட்சியும் வந்து விளக்காமலேயே தங்கள் காரணத்தைத் தாங்களே கண்டுபிடித்தார்கள்.

தமிழர் ஒருவர் வெல்ல முடியாது, ஆனால் வெல்பவர் யார் என்பதைத் தமிழர் வாக்கு தீர்மானிக்கலாம் என்பதுதான் ஆதரவு அறிக்கையின் அடிப்படை. இது வெறும் நம்பிக்கை அல்ல என்பதற்கு 2005ஐ விடப் பெரிய சான்று வேண்டியதில்லை. அந்த ஆண்டு நவம்பரில் விடுதலைப் புலிகளின் நிலைப்பாட்டுக்கு இசைய வடக்கு வாக்களிக்கவில்லை. யாழ்ப்பாண மாவட்டத்தில் பதிவு செய்யப்பட்ட ஏழு இலட்சம் வாக்காளர்களில் பதிவான வாக்கு 1.21 வீதம். மகிந்த ராஜபக்ஷ ரணில் விக்கிரமசிங்கவை வென்றது 1,80,786 வாக்குகளால். ரணில் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது ஊகம். ஆனால் ஒரு சமூகம் பேசாமல் இருந்தால் அதன் இடத்தில் மற்றவர்கள் முடிவெடுப்பார்கள் என்பதில் ஊகம் எதுவும் இல்லை. பகிஷ்கரிப்பை இன்றும் கொள்கையாக முன்வைப்பவர்கள் இந்த இலக்கத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆகவே ஆதரவு அறிவிப்பது தேவையற்றது என்ற கட்சியில் நான் இல்லை. எப்படி அறிவிக்கிறார்கள் என்பதில்தான் எனக்கு வழக்கு.

இந்த நடைமுறை தன் உச்சத்தைத் தொட்டது 2015 தேர்தலில். வாக்களிப்பு ஜனவரி 8. கூட்டமைப்பு மைத்திரிபால சிறிசேனவுக்கான ஆதரவை வெளிப்படையாக அறிவித்தது டிசம்பர் 30. அதற்கு வெகு முன்பே வடக்கில் தேநீர்க் கடைக்குக் கடை முடிவு தெரிந்திருந்தது. அப்படியிருந்தும் கூட்டமைப்பின் தலைவர் இரா. சம்பந்தன் காத்திருந்தது கோழைத்தனம் அல்ல, கணக்கு. முன்கூட்டியே சொல்லியிருந்தால் சிறிசேன பிரிவினைவாதிகளோடு ஒப்பந்தம் செய்துவிட்டார் என்று தெற்கில் மேடைக்கு மேடை முழங்கியிருப்பார்கள். உடன்பாடு எதுவும் எழுத்தில் வராததற்கும் அதே காரணம். யாழ்ப்பாணத்தில் 74 வீத வாக்கு சிறிசேனவுக்கு விழுந்தது. நாடு முழுவதுமான வித்தியாசம் 4,49,072. வடக்கும் கிழக்கும் இல்லாமல் அந்த வெற்றி இல்லை.

நுட்பமான வேலைதான். ஆனால் வெற்றிக்கு உதவிய அந்த நுட்பமே பின்னால் கழுத்தில் மாட்டியது. கையில் எழுத்து எதுவும் இல்லை. தேர்தல் விஞ்ஞாபனத்தில் இனப்பிரச்சினைக்கு உருப்படியான இடம் இல்லை. காணிகளில் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டது. காணாமல் போனோர் அலுவலகத்துக்கு 2016இல் சட்டம் வந்தது. அரசியலமைப்புப் பேரவை கூடி, 2017 செப்டம்பரில் இடைக்கால அறிக்கையும் வந்து, அதோடு நின்றது. 2018 ஒக்டோபர் 26 அன்று சிறிசேன பிரதமர் பதவியிலிருந்து ரணிலை நீக்கி அந்த இடத்தில் மகிந்தவை அமர்த்தினார். யாரைத் தோற்கடிக்கத் தமிழர் திரண்டார்களோ அவரையே, அவர்கள் தெரிவு செய்தவர் கொண்டுவந்தார். எதைச் சொல்லி ஆதரவு கேட்டீர்கள், எதைப் பெற்றீர்கள் என்று கட்சியிடம் கேட்க வாக்காளனிடமும் ஒரு காகிதம் இல்லை.

இந்த அறிக்கைகளின் தர்க்கத்தில் ஒரு கோளாறு தொடர்ந்து வருகிறது. யாரை ஆதரிக்கிறோம் என்று தலைப்பிட்டு, யாரைத் தோற்கடிக்க வேண்டும் என்றே விளக்குகிறார்கள். 2010இலும் 2015இலும் ராஜபக்ஷ ஆட்சி, 2019இல் கோட்டாபய ராஜபக்ஷ. எதிரி வலுவாக இருக்கும்வரை இந்தத் தர்க்கம் ஓடும். அது மக்களின் உண்மையான அச்சத்திலிருந்து பிறந்தது என்பதால் பொய்யும் அல்ல. ஆனால் நீங்கள் எப்படியும் தனக்குத்தான் போடுவீர்கள் என்று தெரிந்த வேட்பாளர் உங்களுக்காக எதற்கு வாய்திறக்க வேண்டும்? அச்சத்தைக் காரணமாக வைத்துத் தரும் ஆதரவுக்குப் பேரம்பேசும் சக்தி கிடையாது.

இதை உணர்ந்துதான் 2019இல் எதிர்த்திசையில் ஒரு முயற்சி நடந்தது. யாழ்ப்பாண, கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் தமிழ்க் கட்சிகளை ஒரே மேசையில் உட்காரவைத்தார்கள். ஐந்து கட்சிகள் 13 கோரிக்கைகளில் கையெழுத்திட்டன. எந்த வேட்பாளர் இவற்றை ஏற்கிறாரோ அவருக்கே ஆதரவு என்பது திட்டம். கஜேந்திரகுமார் பொன்னம்பலத்தின் கட்சி கையெழுத்திடாமல் விலகியது. தெற்கின் முக்கிய வேட்பாளர்கள் எவரும் கோரிக்கைகளை ஏற்கவில்லை. அதற்குமேல் என்ன செய்வதென்று கையெழுத்திட்டவர்களிடம் திட்டம் இருக்கவில்லை. சில வாரங்களிலேயே, நவம்பர் 3 அன்று, கூட்டமைப்பின் முதன்மைக் கட்சியான தமிழரசுக் கட்சி வவுனியாவில் கூடி, கோட்டாபயவை எதிர்த்து நின்ற சஜித் பிரேமதாசவுக்கு ஆதரவை அறிவித்தது. விலைப்பட்டியலைத் தொங்கவிட்டு, கேட்டு வராதவருக்குப் பொருளைச் சும்மா தூக்கிக் கொடுத்த கதை.

யாழ்ப்பாணத்தில் சஜித்துக்கு 83 வீதத்துக்கு மேல். நாட்டில் கோட்டாபயவுக்கு 52 வீதம். அநுராதபுரம் ருவன்வெலிசாயவில் பதவியேற்ற கோட்டாபய, சிங்கள மக்களின் வாக்கினாலேயே வெல்ல முடியும் என்பது தனக்கு முன்பே தெரியும் என்ற பொருளில் பேசினார். தமிழ்க் கட்சிகளின் ஆதரவே சஜித்தைக் கவிழ்த்தது என்று அப்போது ஒரு வாதம் ஓடியது. நான் அதை முழுவதும் ஏற்பதில்லை. உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள் நடந்து ஏழு மாதங்கள்கூட ஆகாத தேர்தல் அது. 13 கோரிக்கைகள் இல்லாமலும் தெற்கு திரண்டிருக்கும்.

இந்த இடத்தில் மலையகத்தைப் பார்ப்பது பயன்தரும். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் பெரும்பாலும் ஆளும் பக்கமே சாயும். வடக்கின் அரசியல்வாதிகளுக்கு அதைக் கண்டால் இளக்காரம். ஆனால் 2019இல் அங்கே பேசப்பட்டது தோட்டத் தொழிலாளிக்கு நாளுக்கு 1,000 ரூபாய் சம்பளம். அது 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வந்தது. தாமதம்தான், இழுபறிதான், விலைவாசி அதற்குள் ஓடிவிட்டதுதான். என்றாலும் வந்ததா வரவில்லையா என்று ஒரு தொழிலாளி தன் சம்பளச் சீட்டைப் பார்த்துச் சொல்லிவிடலாம். நியாயமான அரசியல் தீர்வு என்று எழுதப்பட்ட வரியை எந்தச் சீட்டில் வைத்துச் சரிபார்ப்பது? வடக்கின் கோரிக்கைகள் சம்பளத்தைவிடப் பெரியவை, ஆழமானவை. ஆனால் இத்தனை ஏக்கர் காணி, இத்தனை கைதிகள், இத்தனை மாதத்துக்குள் மாகாண சபைத் தேர்தல் என்று அவற்றிலும் எண்ணிப் பார்க்கக்கூடியவை உண்டு. பொது ஆதரவு அறிக்கைகளில் அவை பெருஞ்சொற்களுக்கு அடியில் புதைந்துவிடுகின்றன.

2024 செப்டம்பர் 21 தேர்தலில் மூன்று நிலைப்பாடுகளும் ஒரே நேரத்தில் களத்தில் இருந்தன. தமிழரசுக் கட்சியின் மத்திய குழு செப்டம்பர் 1 அன்று சஜித்தை ஆதரிப்பதாக முடிவெடுத்தது. எம்.ஏ. சுமந்திரன் அதை அறிவித்தார். அதே கட்சியின் சி. சிறீதரன் சங்குச் சின்னத்தில் நின்ற தமிழ்ப் பொதுவேட்பாளர் பா. அரியநேத்திரனுக்காக மேடையேறினார். அரியநேத்திரனும் தமிழரசுக் கட்சிக்காரரே. கஜேந்திரகுமார் தரப்பு பகிஷ்கரிப்பைக் கோரியது. யாழ்ப்பாண மாவட்ட முடிவில் சஜித்துக்கு 1,21,177 வாக்குகள், அரியநேத்திரனுக்கு 1,16,688. ரணில் மூன்றாவது, அனுரகுமார திசாநாயக்க நான்காவது. நாடு முழுவதும் அரியநேத்திரனுக்கு 2,26,343. மூன்று தரப்பும் தாங்கள் சொன்னதே சரி என்று மறுநாளே விளக்கம் எழுதின.

இந்தச் சண்டையில் வாக்குச்சீட்டை அதிகம் பேர் கூர்ந்து பார்த்ததாகத் தெரியவில்லை. அந்த நீண்ட சீட்டில் வாக்காளர் ஒருவருக்கு மட்டும் போட்டுவிட்டு வரலாம், அல்லது 1, 2, 3 என்று விருப்பு வரிசை குறிக்கலாம். எவரும் பாதிக்கு மேல் பெறாவிட்டால் முதலிருவரைத் தவிர்த்து மற்றவர்களின் சீட்டுகளில் உள்ள அடுத்த விருப்பு எண்ணப்படும். ஆகவே சங்குக்கு 1, தெற்கில் உடன்பாட்டுக்கு வந்தவருக்கு 2 என்று ஒரே சீட்டில் இரண்டு வேலையும் செய்யலாம். நமக்கென்று ஒருவரா, வெல்லக்கூடியவரா என்று ஊரே இரண்டுபட்ட கேள்விக்குச் சட்டமே பாதி விடை வைத்திருந்தது. அந்தப் பேச்சு எழாமலில்லை. ஆனால் இரண்டாவது விருப்பை ஒரு நாணயமாகக் கையில் வைத்துக்கொண்டு கொழும்பில் எவரும் பேரம் பேசியதாகக் காணோம்.

அனுரவுக்கு 42 வீதமும் சஜித்துக்கு 33 வீதத்துக்குச் சற்றுக் குறைவாகவும் கிடைத்ததால், இலங்கை வரலாற்றில் முதன்முறையாக இரண்டாவது விருப்பு எண்ணப்பட்டது. மற்ற வேட்பாளர்களுக்கு விழுந்த 33 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளில் முதலிருவருக்கும் போய்ச் சேர்ந்தவை வெறும் 2,73,131. நூற்றுக்கு எட்டு. இருவருக்கும் இடையே பன்னிரண்டரை இலட்சத்துக்கு மேல் இடைவெளி இருந்ததால் தமிழர் எப்படிக் குறித்திருந்தாலும் 2024இல் முடிவு மாறியிராது. ஆனால் வித்தியாசம் 1,80,786 ஆக இருந்த தேர்தலையும் இந்த நாடு பார்த்திருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து வந்த பாராளுமன்றத் தேர்தலில், முக்கிய தமிழ்க் கட்சி எதுவும் ஆதரிக்காத அனுரவின் தேசிய மக்கள் சக்தி யாழ்ப்பாணத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைப் பெற்றது. செப்டம்பரில் அங்கே 27,000 வாக்கு எடுத்த தரப்பு நவம்பரில் 80,000ஐத் தாண்டியது. இதைத் தமிழ்த் தேசியத்தின் வீழ்ச்சி என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அது பழைய கொப்பேகடுவ வாக்கைப் போலத்தான் தெரிகிறது. கட்சி சொல்லும் காரணம் உப்புச்சப்பில்லாமல் போனால் சனம் தன் காரணத்தைத் தானே தேடிக்கொள்ளும்.

அடுத்த ஜனாதிபதித் தேர்தல் 2029இல் வர வேண்டும். வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ மத்திய குழு கூடும், ஒலிவாங்கிகளுக்கு முன்னால் ஒருவர் அறிக்கை வாசிப்பார். அப்போது வேட்பாளரின் பெயரைக் கேட்டதும் கலைந்துவிடாதீர்கள். அவர் ஒப்புக்கொண்டது எழுத்தில் இருக்கிறதா, அதை மாத்தறையிலும் குருநாகலிலும் சிங்களத்தில் சொன்னாரா, இரண்டாவது விருப்பு யாருக்கு, ஒரு வருடம் கழித்து எந்தத் திகதியில் எங்கள் முன் வந்து கணக்குக் காட்டுவீர்கள் என்று அங்கேயே கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத் திகதி சொல்ல மறுக்கும் கட்சியின் அறிக்கையை வாங்கி மடித்து வைத்துவிட்டு, உங்கள் முடிவை நீங்களே எடுங்கள்.