நாற்காலிக்குப் பின்னால் நிற்பவர்கள்

"பெரியவங்க நாற்காலியில. மருமகளுங்க பின்னால. புள்ளைங்க தரையில."

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்து ஊரொன்றில் காதுகுத்து. அடிவாரத்திலிருந்து வந்திருந்த போட்டோக்காரர் மூன்றே வாக்கியத்தில் நான்கு தலைமுறையை அடுக்கிவிட்டார். அதுவரை திண்ணையிலும் வாசலிலும் கலந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று வரிசையானார்கள். சோறாக்கிக்கொண்டிருந்த பெண்கள் கைகழுவி வருவதற்குள் படம் எடுத்தாகிவிட்டது.

குடும்பம் ஏற்கனவே இருக்கிறது, கேமரா அதைப் பதிவு மட்டும் செய்கிறது என்று நம்புகிறோம். உண்மையில் படம்தான் குடும்பத்தை உற்பத்தி செய்கிறது. கிராமத்துக் கல்யாணப் படங்களை ஆராய்ந்த பியர் பூர்தியு, குழுவின் ஒற்றுமையை உறுதிப்படுத்தும் சடங்காகவே புகைப்படம் செயல்படுகிறது என்று 1965லேயே எழுதினார். நம்மூருக்கு இதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். இங்கே ஒற்றுமை என்பது படிநிலை. யாருக்கு நாற்காலி, யார் நிற்பது, சாதி மாறிக் கட்டிக்கொண்ட மகளுக்கு இடம் உண்டா என்பதையெல்லாம் சட்டகம் சத்தமில்லாமல் தீர்ப்பளித்துவிடுகிறது.

மலையாளிப் பழங்குடிகளுக்குக் கேமராவோடு உள்ள உறவு வேறு. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் மனிதர்கள் இனமாதிரிகளாக நிற்கிறார்கள். மூக்கின் நீள அகலம் உண்டு, பேர் கிடையாது. யாருக்கு அப்பா, யாருக்கு அத்தை என்பதும் கிடையாது. காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் மலைக்கொருவராகப் பிரிந்தார்கள் என்று தங்கள் வரலாற்றையே உறவுமுறையாகச் சொல்லும் மக்கள் இவர்கள். ஜாகிர்தார்களிடமிருந்து மலை அரசின் கைக்கு வந்ததே 1976இல்தான்.

நம் நண்பர்கள் சிலரும் இங்கே கேமராவோடு வருகிறார்கள். சுருக்கம் விழுந்த கிழவியின் முகம், பின்னால் மூடுபனி. தலைப்பு 'வேர்கள்'. 1955இல் நியூயார்க்கில் நடந்த 'மனிதக் குடும்பம்' கண்காட்சியைப் பற்றி ரொலான் பார்த் எழுப்பிய ஆட்சேபம் இதற்கும் பொருந்தும். பிறப்பும் இறப்பும் எல்லாருக்கும் பொது என்று சொல்லும்போது, யார் எதனால் செத்தார் என்ற கேள்வி காணாமல் போகிறது.

அந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். உடனே மலை 'சாராய மலை' ஆயிற்று. அதே ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து மலைமக்களின் வாழ்நிலையை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. உழைக்கும் மக்கள் வீட்டில் சாவு விழுந்தால் முதலில் தேடுவது படத்தைத்தான். தனிப்படம் எடுத்துக்கொள்ள வாய்த்தவர் எத்தனை பேர்? ஏதோ ஒரு காதுகுத்துப் படத்திலிருந்து முகத்தை வெட்டிப் பெரிதாக்கி பிளெக்ஸ் அடிப்பார்கள். உற்றுப் பாருங்கள், ஓரத்தில் இன்னொருவரின் தோள் இருக்கும். அந்தத் தோளும் அந்த வாழ்க்கையின் ஆவணம்தான்.

எனவே குடும்பப் படமே ஆதிக்கம், அது வேண்டாம் என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது. இனமாதிரியாகவும் குற்றவாளியாகவும் பார்க்கப்பட்டவர்கள் தாங்களே கூப்பிட்டு, காசு கொடுத்து எடுத்துக்கொள்ளும் படம் அது. கேள்வி, அடுக்குவது யார் என்பதுதான்.

அன்றைக்குப் படம் முடிந்ததும் கொள்ளுப்பாட்டி நாற்காலியை விட்டு எழுந்தார். "தம்பி, சோறாக்கினவங்க வரட்டும். எல்லாரும் கீழ உட்காருங்க, இன்னொண்ணு எடு" என்றார். போட்டோக்காரருக்கு அதில் விருப்பமில்லை. பேத்தி ஒருத்தி தன் செல்போனில் எடுத்தாள். வரிசை இல்லை. பாதிப் பேர் கேமராவைப் பார்க்கவில்லை. கேரளத்துக்கு மிளகு பறிக்கப் போன மகனுக்கு நடுவில் ஓர் இடம் விட்டிருந்தார்கள்.

போன மாதம் போயிருந்தேன். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பது முதல் படம்தான். இரண்டாவதைப் பற்றிக் கேட்டேன். "அது போன்லயே கெடக்குது சார்" என்றாள் பேத்தி. அந்தப் போன் தொலைந்தால் படமும் தொலையும். அதையும் அச்சிட்டு, பின்பக்கத்தில் ஒவ்வொருவர் பேரையும் முறையையும் எழுதி வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். நம்மில் கேமரா வைத்திருப்பவர்கள் செய்யக்கூடிய முதல் அரசியல் வேலை அநேகமாக அதுதான்.