கேட்டே வரையும் படம்

கற்பிட்டிக்கு மேற்கே கடலடித் திட்டு சரிந்து ஆழமாகிறது. பங்குனி வாக்கில் எண்ணெய்த் திமிங்கிலங்கள் அங்கே வரும். மூச்செடுத்து மூழ்கினால் முக்கால் மணி நேரம்கூடக் கண்ணில் படா. ஹைட்ரோபோன் என்னும் நீரடி ஒலிவாங்கியை இறக்கினால் மட்டும் டிக், டிக் என்று அவற்றின் குரல் கேட்கும். அந்தக் கருவி எந்த ஒலியும் எழுப்பாது. இரண்டு மூன்றை இறக்கினால், ஒரே டிக் ஒவ்வொன்றையும் எட்டும் நேர வித்தியாசத்திலிருந்து திமிங்கிலம் நிற்கும் திசை தெரிந்துவிடும். நீரில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் ஓடுகிறது.

இதே கணக்கு மனித மண்டைக்குள்ளும் செல்லுபடியாவதுதான் என்னைச் சொக்க வைக்கிறது. குருதி-மூளைத் தடை பெரும்பாலான மருந்துகளை மூளைக்குள் விடாது. இரத்தத்தில் நுண்குமிழிகளைச் செலுத்தி, குவித்த மீயொலியால் அவற்றை அதிரவைத்தால் தடை சற்று நேரம் திறக்கும். குலர்வோ ஹைனினென் குழு 2001இல் முயல்களில் இதைக் காட்டியது. குமிழி சீராக அதிர்ந்தால் தெளிவான சுருதிகள் எழும். வெடித்துச் சிதைந்தாலோ வெறும் இரைச்சல். இழையங்களுக்கு ஆபத்து, மீயொலியின் வலுவை உடனே குறைக்க வேண்டும். தலையைச் சுற்றியுள்ள ஒலிவாங்கிகள் இந்த ஒலிகளைக் கேட்டு, அதே நேர வித்தியாசக் கணக்கால் அதிர்வு எழும் இடத்தைப் படமாக்குகின்றன. மண்டையோடு ஒலியின் வேகத்தையும் வழியையும் குழப்பிவிடும். சிடி ஸ்கானில் எலும்பின் தடிப்பைப் பார்த்து ஒவ்வொரு ஒலிவாங்கிக்கும் நேரத்தைத் திருத்துகிறார்கள். என்ன பொறுமையான கைவேலை!

ரொறன்ரோ சனிபுறூக் மருத்துவமனையில் அல்சைமர் நோயாளிகள் ஐவருக்கு இந்தத் தடையைத் திறந்த ஆய்வு 2018இல் வெளியானது. ஒரு நாளுக்குள் தடை தானே மூடிக்கொண்டது.