ரசிகமணியின் கத்திரியும் கி.ரா.வின் நாவலும்

ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) நாவல் எழுதியவர் அல்லர். எனினும் தென்காசி வட்டாரத்தில் நாவல் எழுத முயல்வோர் அவரிடமிருந்தே பாடத்தைத் தொடங்கலாம். திருநெல்வேலியில் அவர் வீட்டில் கூடிய வட்டத்தொட்டியிலும், பிற்காலத்தில் குற்றாலத்தில் அவர் வாழ்ந்த வீட்டிலும் நடந்தது ஒரே வேலைதான்: ஒரு பாடலை எடுத்து, வாய்விட்டு, நிறுத்தி நிறுத்திப் பலமுறை சொல்லிப் பார்ப்பது. கண்ணால் படித்தபோது தப்பித்துக்கொண்ட வெற்றுச் சொல் காதில் விழும்போது அகப்பட்டுவிடும்.

அந்த வீட்டுக்கு வந்துபோன இளைஞர்களில் இருவர் கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவலைச் சேர்ந்தவர்கள்: கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன். கி.ரா.வின் 'மாயமான்' சிறுகதை 'சரஸ்வதி' இதழில் 1958இல் வந்தது. ரசிகமணி மறைந்து அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. முதல் நாவலான 'கோபல்ல கிராமம்' வெளிவந்தது 1976இல். இடையில் 18 ஆண்டுகள். முதல் கதை அச்சானதுமே நாவலுக்குத் தாவும் அவசரம் அவரிடம் இல்லை.

கி.ரா. பேச்சுத் தமிழில் எழுதியதால் வென்றார் என்று சொல்லிவிடுவது வழக்கம். இது பாதி உண்மை. பேச்சை அப்படியே இறக்கி வைத்தால் நாவல் ஆகிவிடாது; திண்ணையில் கேட்கச் சுவையாக இருக்கும் கதை அச்சில் இருபதாம் பக்கத்திலேயே சலிப்புத் தட்டும். 'கோபல்ல கிராம'த்தில் ஒரு கொலை நடக்கிறது. வழியில் தண்ணீர் குடிக்க இறங்கிய பெண்ணை நகைக்காக ஒருவன் கொல்கிறான்; பிடிபட்டு ஊர் முன் நிற்கிறான். இன்னொரு பக்கம், நூறு வயதைக் கடந்த மங்கத்தாயாரு அம்மாளின் நினைவில், தெலுங்குச் சீமையிலிருந்து இந்த மக்கள் ஓடிவந்து காட்டைத் திருத்திக் குடியேறிய கதை விரிகிறது. குற்றவாளிக்கு இந்த ஊர் என்ன தண்டனை கொடுக்கும் என்ற கேள்வியும், இந்த ஊர் எப்படி உண்டாயிற்று என்ற கேள்வியும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கின்றன. இது நாவலே அல்ல, துணுக்குகளின் தொகுப்பு என்போர் இந்த இழுவையைக் கவனிப்பதில்லை.

இதன் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்க'ளுக்குத்தான் 1991இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஆனால் கட்டுக்கோப்பில் அது ஒரு படி கீழே. பின்பகுதியில் விடுதலைப் போராட்டச் செய்திகள் வந்து குவிய, ஊர் மனிதர்கள் பின்னால் ஒதுங்கிவிடுகிறார்கள். செய்திகள் பொய்யல்ல, தேவையற்றவையும் அல்ல. அவற்றில் சிலவற்றை வெட்டியிருக்க வேண்டும்.

வெட்டுவது என்றால் மீண்டும் ரசிகமணிதான். கம்பராமாயணத்தைப் பதிப்பித்தபோது, தம் காதுக்கு ஒவ்வாத பாடல்களை இடைச்செருகல் என்று விலக்கினார். சில இடங்களில் சொற்களையும் மாற்றினார். புலவர்கள் கொதித்ததில் நியாயம் உண்டு. சுவடியின் சான்று இல்லாமல் இன்னொரு கவிஞரின் நூலில் கைவைக்க யாருக்கும் உரிமை கிடையாது. ஆயினும் பதிப்பாசிரியரிடம் குற்றமாக இருந்த அதே துணிவு, தன் கைப்பிரதியைத் திருத்தும் நாவலாசிரியருக்கு இருந்தே ஆக வேண்டும். இந்தப் பத்தி நான் எழுதியதாகவே இருக்க முடியாது, எவரோ நுழைத்துவிட்டார் என்று ஐயப்பட்டுப் பார்க்கலாம். அச்சுக்குப் போகாமல் திரும்பிவரும் பிரதிகளுக்கு மொழிக்குறைவைவிட இந்த ஐயக்குறைவே பெரும்பாலும் காரணம்.

குற்றாலத்தைக் களமாக்கி எழுதுபவரின் முதல் அத்தியாயத்தில் சாரலும் அருவியும் குரங்கும் தாமாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனி, ஆடியில் ஊருக்கு வந்து போகும் எவரும் பார்ப்பவைதான் இவை. அந்த அத்தியாயத்தை வாய்விட்டுப் படித்தால், யாரோ சுற்றுலாக் கையேட்டை வாசிப்பதுபோல் கேட்கும். அதை எடுத்துவிட்டு, பங்குனியில் பாறை காய்ந்து கிடக்கும்போது அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளி வீட்டில் அன்றைய உலை எப்படிக் கொதித்தது என்பதிலிருந்து தொடங்கலாம். சாரலை அவர் மனைவி நினைத்துக்கொள்ளும் இடத்தில் ஒரு வரியாக வைத்தால் போதும்.