ஹெச்.பி. போட்ட வண்டி யாருடையது?

மரக்காணத்தில் பழைய வண்டியை விலை பேசும்போது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதற்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிடும்: "ஹெச்.பி. இருக்கா?" ஆர்.சி.யில் வங்கியின் பெயரோ பைனான்ஸ் கம்பெனியின் பெயரோ ஏறியிருக்கிறதா என்பது அதன் பொருள். கடைசி டியூ கட்டி முடித்தால் "ஹெச்.பி. கேன்சல்". ஹெச்.பி. என்றால் ஹயர் பர்ச்சேஸ், வாடகைக் கொள்முதல். இன்று வங்கியில் கார் லோன் எடுப்பவர் பெரும்பாலும் கையெழுத்துப் போடுவது அதில் இல்லை, ஹைப்பாதிகேஷன் பத்திரத்தில். முன்னதில் கடைசித் தவணை வரை வண்டி கம்பெனியுடையது, ஓட்டுகிறவர் வாடகைதாரர். பின்னதில் வண்டி வாங்கியவருடையது. அதன்மேல் வங்கிக்கு இருப்பது ஓர் ஈட்டுரிமை மட்டும். நம் பேச்சுவழக்கு இரண்டையும் இரண்டெழுத்தில் முடிந்துவிட்டது. டீக்கடையில் இந்தக் குழப்பத்தால் யாருக்கும் நட்டமில்லை. டியூ தவறியவர் வீட்டு வாசலில் நின்று கலெக்‌ஷன் ஆள் அதே குழப்பத்தில் "வண்டி எங்களுதுங்க" என்று சொல்லும்போது நட்டம் தொடங்குகிறது.

அந்த வாக்கியம் சட்டப்படி நிற்குமா என்பதே இங்கே எடைபோட வேண்டியது.

முதலில் டியூ ஏன் தவறுகிறது என்று பார்ப்போம். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி 3,000 ஏக்கருக்கு மேல் உப்பளம் விரிந்த ஊர் இது. தை மாதத்தில் பாத்தி சீராக்கினால் புரட்டாசி வரை உப்பு வாரலாம். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் பாத்தியெல்லாம் குளம். லோடு ஏற்றும் குட்டியானையின் வரவும் அதோடு சுருங்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5 லட்சம் ரூபாய், 10.5 சதவீத வட்டி, 60 மாதம் என்றால் டியூ 10,747 ரூபாய். அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்றும் நழுவினால் பாக்கி 32,241. இதில் பவுன்ஸ் கட்டணமோ அபராதமோ சேரவில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தபோது இதே விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மாதத்திலும் 5-ஆம் தேதி 5-ஆம் தேதிதான்.

சம தவணை என்பது மாதச் சம்பளக்காரரின் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. நெல்லுக்குக் கொடுக்கும் பயிர்க்கடனை அறுவடைக்குப் பின் திருப்பிக் கட்டச் சொல்ல வங்கிக்குத் தெரிகிறது. உப்பு விளைச்சலைச் சட்டம் தொழிற்சாலைப் பக்கம் சேர்த்துவிட்டதால் அந்த நாள்காட்டி இங்கே எட்டவில்லை. ஆனாலும் இந்த இரக்கத்தைத் தீர்ப்புக்குள் கலக்கக் கூடாது. தவணைத் தேதி தெரிந்துதான் கையெழுத்துப் போட்டார்கள். வாங்கிய கடன் கடன்தான். கேள்வி, தவறியபின் வங்கிக்கு எது வரை கை நீளலாம் என்பது.

இந்தத் தொழில் தன்னைப் பற்றி நீதிமன்றங்களில் என்ன சொல்லிக்கொண்டது என்று தேடினால் சுவாரசியமான ஒன்று கிடைக்கிறது. சென்னையின் சுந்தரம் ஃபைனான்ஸ் நிறுவனத்துக்கும் கேரள அரசுக்கும் நடந்த வழக்கு 1966-ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. வாடகைக் கொள்முதல் ஒப்பந்தத்தின் முடிவில் வண்டி கம்பெனியிடமிருந்து வாடிக்கையாளருக்கு விற்கப்படுகிறது, ஆகவே விற்பனை வரி கட்டு என்றது அரசு. நாங்கள் வியாபாரி இல்லை, கடன் கொடுத்தவர்கள்; ஒப்பந்தம் கடனுக்கு ஒரு காப்பு, அவ்வளவுதான் என்றது கம்பெனி. உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை அதை ஏற்றது. வாடிக்கையாளரே டீலரிடம் வண்டி வாங்கி, தன் பெயரில் பதிவு செய்து, அதன்மேல் கடன் பெற்றிருந்தால், தாளில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் அது கடன் என்று தீர்ந்தது. வரி தப்பியது.

அடுத்தது விபத்து. கடனில் ஓடும் வண்டி யாரையாவது மோதிவிட்டால் நட்ட ஈடு யார் தருவது? 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், வாடகைக் கொள்முதலோ ஹைப்பாதிகேஷனோ, வண்டி யார் வசம் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2(30)-ஆம் பிரிவில் வரையறுக்கிறது. கோதாவரி ஃபைனான்ஸ் வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றமும், வண்டி கடனாளி வசம் இருக்கும்போது பைனான்ஸ் கம்பெனி நட்ட ஈடு தர வேண்டியதில்லை என்றது. எனக்கு அது சரியான தீர்ப்பாகவே படுகிறது. ஓட்டாதவரைப் பொறுப்பாக்குவது நியாயமில்லை.

ஆக, வரி கேட்டு அரசு வந்தால் கடன் கொடுத்தவர். நட்ட ஈடு கேட்டு அடிபட்டவர் வந்தால் உரிமை இல்லாதவர். டியூ தவறினால் மட்டும் "வண்டி எங்களுது". வேறுவேறு கம்பெனி, வேறுவேறு வழக்கு என்பது உண்மை. ஆனால் ஒரே தொழில் மூன்று வாசலில் மூன்று முகம் காட்டி, மூன்றிலும் தனக்குச் சாதகமாகவே முடித்துக்கொள்வதைப் பார்த்தபின் மூன்றாவது முகத்தை அப்படியே நம்ப முடியவில்லை.

நீதிமன்றங்கள் அதை நம்பியிருக்கின்றன என்பதையும் மறைக்கக் கூடாது. வாடகைக் கொள்முதலில் எடுத்த வண்டியைக் கம்பெனி திரும்ப எடுத்தால் அது திருட்டாகாது என்று 2001-ல் தீர்ப்பு வந்தது. 2006-ல் ஓரிக்ஸ் ஆட்டோ ஃபைனான்ஸ் வழக்கில், ஒப்பந்தத்தில் எடுக்கும் உரிமை எழுதியிருந்தால் நீதிமன்றம் அதைத் தடுக்க முடியாது என்றார்கள். 2020 அக்டோபர் 1-ஆம் தேதி வந்த மேக்மா ஃபின்கார்ப் தீர்ப்பு எல்லாவற்றையும்விட வலுவானது. 35 தவணையில் 7 கட்டியபின் நின்றுபோன ஜீப் அது. எல்லாத் தவணையும் முடியும் வரை கம்பெனியே உரிமையாளர் என்று நுகர்வோர் மன்றங்களின் உத்தரவை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், நோட்டீஸ் தராத குறைக்கு 15,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. வண்டிக்கடன் வழக்கில் வங்கித் தரப்பு வக்கீல்கள் முதலில் நீட்டும் தீர்ப்பு இதுதான்.

தீர்ப்பில் எனக்குச் சண்டை இல்லை. அதைக் கொண்டுபோய் வைக்கும் இடத்தில்தான் சண்டை. ஓரிக்ஸும் மேக்மாவும் வாடகைக் கொள்முதலைப் பற்றியவை. வங்கியின் கார் லோனில் இன்வாய்ஸ் கடனாளி பெயரில், இன்சூரன்ஸ் கடனாளி பெயரில், பதிவும் கடனாளி பெயரில். 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் ஹைப்பாதிகேஷனை வரையறுக்கும்போதே, பொருளைக் கைமாற்றாமல் அதன்மேல் ஏற்படுத்தும் பாத்தியதை என்கிறது. கைமாற்றாத பொருளைத் "திரும்ப" எடுப்பது எப்படி? இந்த ஒரு சொல்லில் தீர்ப்பின் அடித்தளமே இடம் மாறிவிடுகிறது. வங்கிக்கடன்களுக்குப் பொருந்த வேண்டியது 2007 பிப்ரவரி 26-ல் ஐசிஐசிஐ வங்கியின் மேல்முறையீட்டில் நீதிபதி ஏ.ஆர். லட்சுமணன் அமர்வு சொன்னது: அடியாள் பலத்தை விட்டுவிட்டுச் சட்டம் ஏற்கும் வழியில் வண்டியை எடுங்கள். 2023 மே மாதம் பாட்னா உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், ஏஜென்ட்டுகளை வைத்துப் பறிப்பது வாழ்வுரிமையை மீறுவது என்று சொல்லி, வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் அபராதம் போட்டது.

வாடகைக் கொள்முதலிலும்கூட நிலைமை இப்படி இருந்திருக்க வேண்டியதில்லை. 1972-லேயே நாடாளுமன்றம் ஒரு வாடகைக் கொள்முதல் சட்டம் இயற்றியது. விலையில் பாதியோ முக்காலோ கட்டிவிட்டவரிடமிருந்து கோர்ட் வழியன்றிப் பொருளை எடுக்க முடியாது என்பது அதன் சாரம். அந்தச் சட்டம் ஒரு நாளும் அமலுக்கு வரவில்லை. 33 ஆண்டு அலமாரியில் இருந்துவிட்டு 2005-ல் ரத்தானது. அதன் 20-ஆம் பிரிவு உயிரோடு இருந்திருந்தால், ஐம்பதாவது டியூவில் வண்டியைப் பறிகொடுத்தவர்கள் எத்தனை பேர் தப்பியிருப்பார்கள்!

வங்கியின் பக்க வாதத்தையும் அதன் முழு பலத்தோடு வைக்க வேண்டும். வீட்டுக்கடனில் ஈடு நின்ற இடத்தில் நிற்கும். வண்டி ஓடிவிடும். மரக்காணத்தில் இன்னொன்று: உப்புக்காற்று. சேஸிஸில் துரு ஏறும் வேகம் உள்நாட்டு ஊரைவிட அதிகம். ஒவ்வொரு மாதமும் ஈட்டின் மதிப்பு கரைகிறது. கோர்ட்டுக்குப் போ என்றால் ஆர்டர் வருவதற்குள் வண்டி பழைய இரும்பு விலைக்கு வந்துவிடும். அந்த நட்டத்தை வங்கி தன் பையிலிருந்து தராது. அடுத்து வரும் குட்டியானைக்காரரின் வட்டியில் ஏற்றும், அல்லது அவருக்குக் கடனே கொடுக்காது. அவர் கந்து வட்டிக்குப் போவார். மேலும், ஹைப்பாதிகேஷன் பத்திரத்திலும் வண்டியை எடுக்கும் ஷரத்து இருக்கத்தான் செய்கிறது. ஷரத்தின்படி எடுப்பதை நீதிமன்றங்கள் ஒட்டுமொத்தமாக மறுத்துவிடவும் இல்லை.

இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆகவே எடுக்கும் உரிமையே கூடாது என்பவர்களோடு நான் சேர மாட்டேன். ஆனால் ஷரத்து எப்படி இருக்க வேண்டும் என்பதை ரிசர்வ் வங்கி 2008 ஏப்ரலில் வங்கிகளுக்கும், மறு ஆண்டு ஏப்ரலில் நிதி நிறுவனங்களுக்கும் எழுதிவிட்டது: எடுக்கும் முன் நோட்டீஸ், எடுக்கும் முறை, விற்கும் முன் கடைசி வாய்ப்பு, ஏல முறை எல்லாம் அதில் இருக்க வேண்டும். வங்கி நம்பி நிற்கும் ஷரத்தே வங்கியைக் கட்டவும் செய்கிறது. டோல்கேட் தாண்டி பைக்கில் குறுக்கே வந்து சாவியைப் பிடுங்குவது எந்தப் பத்திரத்திலும் எழுதப்பட்டதில்லை. 2016 மார்ச்சில் தஞ்சாவூர் மாவட்டத்தில் டிராக்டர் பாக்கிக்காக ஒரு விவசாயியைப் போலீசார் அடித்து இழுத்த காட்சியை ஊரே பார்த்தது. 2022 செப்டம்பரில் ஜார்க்கண்டின் ஹசாரிபாக்கில், எடுத்துச்செல்லப்பட்ட டிராக்டரில் சிக்கிக் கர்ப்பிணி ஒருவர் இறந்தார். அதன்பின் மஹிந்திரா ஃபைனான்ஸ் வெளி ஏஜென்ட்டுகளை வைத்து வசூலிக்கவோ வண்டி எடுக்கவோ கூடாதென்று ரிசர்வ் வங்கி தடை போட்டது. சில மாதத்தில் தடை நீங்கியது.

பறிப்பைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். பாதித் தகராறு அதற்கு முன்பே, கணக்கில் தொடங்கிவிடுகிறது. கடனாளி சொல்வார்: "கட்டிட்டேன்." வங்கி சொல்லும்: "வரலை." இரண்டுமே உண்மையாக இருக்கலாம். கட்டிய 10,747-ல் முதலில் பவுன்ஸ் கட்டணம், பிறகு அபராதம் என்று கழித்துக்கொண்டால் டியூவில் ஓராயிரம் குறையும். குறைந்த டியூ கட்டாத டியூ. அதற்கு அடுத்த மாதம் மறுபடி அபராதம். ஒரே ஒரு மழைக்காலச் சறுக்கல் மூன்று ஆண்டு கணக்கில் வாலாக நீளும். அபராத வட்டியை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடும் பழக்கத்தை ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் 18-ஆம் தேதி சுற்றறிக்கையால் நிறுத்தியது. புதிய கடன்களுக்கு 2024 ஏப்ரல் 1 முதல் அமல். நல்ல விதி. ஆனால் கட்டிய பணத்தை எந்த வரிசையில் கழிப்பது என்பது இன்னும் பெரும்பாலும் வங்கி அச்சடித்த ஒப்பந்தத்தின் கையில். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 59-ஆம் பிரிவில், பல கடன் உள்ளவர் எதற்காகக் கட்டுகிறேன் என்று சொல்லிக் கட்டினால் அதில்தான் வரவு வைக்க வேண்டும் என்கிறது. ஒரே கடனின் டியூவுக்கும் அபராதத்துக்கும் அது அப்படியே பொருந்திவிடாது. அதன் உணர்வு பொருந்த வேண்டும் என்பது என் கட்சி.

கணக்கை எழுதுகிறவரும் கணக்கில் ஒரு கட்சிக்காரர் என்பதுதான் இங்கே முள். சான்றளித்த வங்கிப் பதிவேட்டை நீதிமன்றம் முதல்நிலைச் சாட்சியாக ஏற்க வேண்டும் என்பது 1891-ஆம் ஆண்டின் வங்கியர் புத்தகச் சாட்சியச் சட்டம். கணக்குப் புத்தகப் பதிவு மட்டுமே ஒருவர்மேல் கடனைச் சுமத்தப் போதாது என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்திலும் அது உண்டு. இரண்டையும் சேர்த்துப் படித்தால் வழி தெளிவு. ஸ்டேட்மென்ட்டை வங்கி தரலாம், அதன் ஒவ்வொரு வரிக்கும் கேள்வி வந்தால் பதில் சொல்லியே தீர வேண்டும். கோர்ட்டில் இருக்கும் இந்தக் கடமை தெருவில் மட்டும் எப்படி இல்லாமல் போகும்?

எனவே என் தீர்ப்பு இது. வங்கியின் ஹைப்பாதிகேஷன் கடனில் வண்டி கடனாளியுடையது. மேக்மா தீர்ப்பு அங்கே ஆளாது. ஷரத்தின்படி எடுக்கலாம், ஆனால் வரிவரியான கணக்கும் நோட்டீஸும் கையில் சேர்ந்தபின், கடனாளி தானே ஒப்படைத்தால் மட்டும். அவர் மறுத்தால் சர்ஃபேசி உண்டு, கோர்ட் உண்டு. நடுவரிடம் போவதென்றாலும், கம்பெனி தானே நியமித்த ஆர்பிட்ரேட்டர் செல்லமாட்டார் என்பது 2019-லேயே முடிந்த விஷயம். கணக்குத் தராமல் எடுத்த வண்டியின் யார்டு வாடகையும் ஏலத்தில் விழுந்த குறையும் வங்கியின் தலையில். கடனாளிக்கும் இதில் முழு வெற்றி இல்லை. பறிப்பு சட்டவிரோதம் என்பதால் பாக்கி மறைந்துவிடாது. வண்டியைத் தெரிந்தவர் தோப்பில் ஒளித்துவைத்தவரோ என்.ஓ.சி. இல்லாமல் விற்றவரோ இந்த வாதத்தை எடுத்துக்கொண்டு வர முடியாது.

இதைக் கொண்டுபோக மரக்காணத்துக்காரர் வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டின் சட்டப்படி, தான் குடியிருக்கும் இடத்திலேயே, அதாவது விழுப்புரம் நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடலாம். வணிக நோக்கம் என்று வங்கி ஆட்சேபித்தால், சொந்தப் பிழைப்புக்குத் தானே ஓட்டும் குட்டியானைக்காரர் நுகர்வோரே என்று அதே சட்டம் பதில் சொல்கிறது. வங்கிக்குப் புகார் எழுதி 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை.

போகும்போது படிவம் 34-ன் நகல் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஆர்.சி.யில் ஹெச்.பி. ஏற்றுவதற்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போகும் தாள் அது. அதில் இரண்டு கையெழுத்து இருக்கும். ஒன்றின் கீழே வங்கி, கடன் அளித்தவர் என்று. மற்றொன்றின் கீழே கடனாளி, பதிவு பெற்ற உரிமையாளர் என்று.