பீரங்கி யாருடையது?

ரிட்லி ஸ்காட் 2023-ல் எடுத்த 'நெப்போலியன்' படத்தை நீங்கள் பார்த்திருந்தால், ஒரு காட்சி கட்டாயம் மனசில் நிற்கும். 1805, டிசம்பர் 2. ஆஸ்டர்லிட்ஸ். உறைந்துபோன ஏரி மேல் எதிரிப் படை நிற்கிறது. நெப்போலியனாக வரும் வாக்கீன் ஃபீனிக்ஸ் கை அசைக்கிறார். மறைத்துவைத்த பீரங்கிகள் வெடிக்கின்றன. பனி உடைந்து குதிரையும் மனிதனும் உள்ளே போக, தண்ணீரெல்லாம் ரத்தம்.

பிரமாதமான காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஐடியா யாருடையது தெரியுமா? சாட்சாத் நெப்போலியனுடையது! போர் முடிந்ததும் அவர் தரப்பு வெளியிட்ட அறிக்கை, ஏரியில் 20,000 பேர் மூழ்கிச் செத்தார்கள் என்றது. உண்மையில் அவை ஆழமில்லாத மீன் குளங்கள். தோற்று ஓடியவர்கள் அதன் வழியாகப் போனார்கள். பிரெஞ்சு பீரங்கிகள் சுட்டன. பிற்பாடு குளத்தை வற்றவைத்துப் பார்த்தபோது நிறைய குதிரைகள், பீரங்கிகள் கிடைத்தன. மனித உடல்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். ஆக, 218 வருஷம் கழித்து ஒரு பெரிய இயக்குநர், ஒரு சர்வாதிகாரியின் பிரஸ் ரிலீஸைக் கோடிக்கணக்கில் செலவழித்துப் படமாக்கியிருக்கிறார்.

பிரமிடைப் பார்த்து பீரங்கி சுடுவதெல்லாம் வெறும் கப்ஸா. அதை விடுங்கள். எனக்கு உறுத்துவது அந்தக் கை அசைப்பு. ஒரு மேதை கையை அசைத்தார், நூறு பீரங்கி வெடித்தது... அவ்வளவுதானா?

நூறு பீரங்கி ஒரே இடத்துக்கு எப்படி வந்து சேரும்? பி.காம். படித்தவனுக்கு முதலில் இந்தக் கேள்விதான் வருகிறது. 12 பவுண்டர் எனப்படும் பெரிய பீரங்கியின் குண்டு சுமார் 6 கிலோ. பீரங்கியை இழுக்க 6 குதிரைகள். பின்னாலேயே மூன்று வெடிமருந்து வண்டிகள், வண்டிக்கு நாலு குதிரை வீதம். சின்ன பீரங்கிக்குக் கொஞ்சம் குறையும். எப்படிப் பார்த்தாலும் நூறு பீரங்கி என்றால் குதிரைகள் மட்டும் ஆயிரத்தைத் தாண்டும். அத்தனைக்கும் தீனி, லாடம், தண்ணீர்!

இந்தக் கணக்கை முதலில் போட்டவர் நெப்போலியன் இல்லை. கிரிபோவால் என்ற பீரங்கிப்படை அதிகாரி, 1765 வாக்கில், மன்னராட்சிக் காலத்திலேயே போட்டார். பீரங்கிக் குழாயின் எடையை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தார். சக்கரம், அச்சு எல்லாம் ஒரே அளவு. ஒரு வண்டியின் சக்கரம் உடைந்தால் இன்னொன்றிலிருந்து கழற்றி மாட்டலாம். ஸ்பேர் பார்ட்ஸ் சமாசாரம்! நெப்போலியன் 16 வயதில் பீரங்கிப்படையில் சேர்ந்தபோது இதெல்லாம் தயாராக இருந்தது.

இன்னொரு வேடிக்கை. பீரங்கியைச் சுடுகிறவன் ராணுவ வீரன். அதை இழுத்து வருகிற வண்டிக்காரனோ தனியார் கான்ட்ராக்டரின் ஆள்! குண்டு விழ ஆரம்பித்தால் அவன் குதிரையை ஓட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். கான்ட்ராக்டுக்காக எவன் சாவான்? அப்புறம் பீரங்கியை இடம் மாற்ற வழியே கிடையாது. 1800 ஜனவரியில், நெப்போலியன் ஆட்சிக்கு வந்த கையோடு, இந்த வண்டியோட்டிகளை யூனிஃபார்ம் போட்ட சிப்பாய்களாக்கினார்கள். என்னைக் கேட்டால், ஆஸ்டர்லிட்ஸ் பனியைவிட இது பெரிய சம்பவம். சினிமாவில் எடுபடாது, பாவம்.

சரி, பீரங்கி வந்துவிட்டது. அது யாருடையது? ஒவ்வொரு டிவிஷன் தளபதியிடமும் கொஞ்சம் இருக்கும். 'என் பீரங்கியை எடுத்துக்கொண்டு போனால் என் ஆட்களை யார் காப்பாற்றுவது?' என்பார் அவர். நியாயம்தானே? எந்த ஆபீஸில் ஒரு டிபார்ட்மென்ட் தன் ஆளை இன்னொன்றுக்கு சும்மா கொடுத்திருக்கிறது?

1807, ஜூன் 14. ஃப்ரீட்லாந்தில் ரஷ்யர்களுடன் போர். சேனார்மோன் என்ற பீரங்கிப்படைத் தளபதி, தன் மேலதிகாரி விக்டரிடம் அனுமதி வாங்கி, டிவிஷன் தளபதிகளின் முணுமுணுப்பை மீறி சுமார் 30 பீரங்கிகளைத் திரட்டினார். நின்ற இடத்திலிருந்து சுடவில்லை. காலாட்படையை விட்டுவிட்டு பீரங்கிகளையே முன்னால் கொண்டுபோனார். சுமார் 400 மீட்டரில் ஆரம்பித்து, கிட்டே கிட்டே போய், கடைசியில் நூறு மீட்டருக்குள். இரும்பு உருண்டைகள் அடைத்த டப்பாக்களை அந்தத் தூரத்திலிருந்து சுட்டால் என்ன ஆகும்? எதிரே நின்ற வரிசைகள் சரிந்தன.

நெப்போலியனே மிரண்டுபோய், இந்த ஆள் என்ன செய்கிறான் என்று பார்த்துவர உதவியாளரை அனுப்பினார் என்பார்கள். என் வேலையைப் பார்க்க விடுங்கள் என்ற பாணியில் பதில் போயிருக்கிறது. கவனியுங்கள்... கை அசைத்தவர் நெப்போலியன் இல்லை!

இரண்டு வருஷம் கழித்து, 1809 ஜூலையில், வியன்னாவுக்குப் பக்கத்தில் வாக்ராம். இங்கே உத்தரவு நெப்போலியனுடையதுதான். மஸேனாவின் படையை இடப்பக்கம் அனுப்பியதால் நடுவில் ஓட்டை. அடைக்க ஆள் போதவில்லை. லோரிஸ்தோன் தலைமையில் நூறுக்கு மேற்பட்ட பீரங்கிகளை நிறுத்தி அடைத்தார்கள். ஆஸ்திரியர்கள் திருப்பிச் சுட்டதில் பீரங்கிக்காரர்கள் கொத்துக்கொத்தாக விழ, காவல்படைக் காலாட்களை அழைத்துவந்து பீரங்கி தள்ளவைத்தார்கள். விளைந்துநின்ற வயல் தீப்பிடித்தது. காயம்பட்டு எழ முடியாமல் கிடந்தவர்கள் அதிலேயே கருகினார்கள். இரு தரப்பிலும் செத்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர் சேர்த்து 70,000-க்கு மேல்.

எனக்குப் படுவது இதுதான்: ஃப்ரீட்லாந்தில் பீரங்கி ஒரு யோசனை. வாக்ராமில் அது ஆள் பற்றாக்குறைக்கு மாற்று. நன்கு பயிற்சி பெற்ற பழைய காலாட்கள் வருஷா வருஷம் செத்துக்கொண்டிருந்தார்கள். புதுப் பையன்களை நம்ப முடியாத இடத்தில் இரும்பை நிறுத்தினார் நெப்போலியன். 1815-ல் வாட்டர்லூவில் சுமார் 80 பீரங்கி. முந்தின நாள் மழை. குண்டுகள் துள்ளி ஓடாமல் சேற்றில் புதைந்தன. வெலிங்டன் தன் ஆட்களில் பெரும்பாலோரை மேட்டுக்குப் பின்பக்கம் படுக்கவைத்துவிட்டார்.

இதில் பெரும்பாலானவை அந்தப் படத்தில் இல்லை. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தில் ஃப்ரீட்லாந்தும் இல்லை, வாக்ராமும் இல்லை. ஜோசஃபினுடன் சண்டைக்கு மட்டும் நிறைய நேரம் இருக்கிறது. சேனார்மோன் தலையே காட்டவில்லை. 1810-ல் ஸ்பெயினில், காடிஸ் நகர முற்றுகையில், எதிரியின் குண்டு விழுந்து அவர் செத்துப்போனார். அதுவும் பீரங்கிக் குண்டுதான்.